'மற்றும் பலர்' என்று அச்சடித்தவனின் மடல்

எங்கள் ஊர் அறக்கட்டளையின் தலைவர், செயலாளர், பொருளாளர், அறங்காவலர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டறிக்கையை அச்சடித்தவன் நான்தான். 48 பக்கம், மூன்று ஃபாரம், ஆர்ட் பேப்பர், நான்கு வண்ணம், அட்டைக்கு லேமினேஷன், 500 படிகள். மூன்று முறை புரூஃப் பார்த்தேன். கண் சிகிச்சை முகாம் படத்துக்குக் கீழே 'மரக்கன்று நடும் விழா' என்று இருந்ததை மாற்றிப் போட்டேன். தலைவர் ஐயாவின் பெயருக்கு முன்னால் விடுபட்டிருந்த இன்ஷியலைச் சேர்த்தேன். புரூஃபில் திருத்த முடியாத சங்கதி ஒன்றும் அதில் இருந்தது. அதற்காகத்தான் இந்த மடல்.

ஆண்டுக் கூட்டத்திலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அன்றைக்கு என்னை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்திவிட்டீர்கள். போர்த்திய துண்டின் மடிப்புக் கலைவதற்குள் குறை சொல்ல எனக்கு நா எழவில்லை. அறக்கட்டளை ஊருடையது. ஆகவே ஊரே படிக்கட்டும் என்று வெளிப்படையாக எழுதுகிறேன். நானும் ஆண்டுக்கு ₹500 சந்தா கட்டுகிறவன்தான்.

செய்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு நூலகத்தின் மாடியில் இரவு பத்து மணிவரை விளக்கெரிகிறது. கண்புரை அறுவைக்கு இரண்டு பஸ் நிறைய ஆட்களை அழைத்துப் போய், கறுப்புக் கண்ணாடியோடு திரும்பக் கொண்டுவந்து விட்டீர்கள். என் அத்தையும் அதில் ஒருத்தி. இப்போது நான் கட்டும் புத்தகத்தில் தையல் கோணலாக இருப்பதை அவர்தான் கண்டுபிடிக்கிறார். குளம் தூர்வாரப்பட்டது. நடுநிலைப் பள்ளிக்குப் புதிய வகுப்பறையும், சுவரில் பெரிய திரையும் வந்தன. ஒரு தொழிற்சாலை, ஒரு வங்கி, இரண்டு ஊர்ச் சங்கங்கள் உங்களோடு கைகோத்தன. ஆலங்குடிப் பக்கத்தில் இவ்வளவு செய்த ஊர் வேறு இருந்தால் அந்த அறிக்கையையும் நானே அச்சடித்திருப்பேன். இதுவரை எவரும் கொண்டுவரவில்லை.

சரி, குறைக்கு வருகிறேன்.

அறிக்கையில் 71 படங்கள். பக்கம் கட்டும்போது எண்ணிக்கை கைக்குத் தானாக வந்துவிடும். அதில் ரிப்பன் வெட்டுவது, குத்துவிளக்கு ஏற்றுவது, கல்வெட்டுத் திரை விலக்குவது, காசோலையை நான்கு பேர் சேர்ந்து பிடித்துக்கொண்டு நிற்பது ஆகியவை மட்டும் 39. திறந்துவைத்த பொருள் மறுமாதம் எப்படி இருந்தது என்று காட்டும் படம் ஒன்றுகூட இல்லை.

பள்ளிக்கூடத்தில் குடிநீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முந்தைய ஆண்டறிக்கையின் 11-ஆம் பக்கத்தில் அது பளபளவென்று நிற்கிறது. முந்தாநாள் வருகைப் பதிவேடு கட்டுவதற்கு அளவெடுக்கப் பள்ளிக்குப் போனபோது அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். மேலே கறுப்பு கிரானைட்டில் பொன் எழுத்தில் பெயர்கள் அப்படியே இருக்கின்றன, ஓர் எழுத்து உதிரவில்லை. கீழே மூன்று குழாய்களில் ஒன்றில் துணி சுற்றியிருக்கிறது. மற்ற இரண்டைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. இயந்திரத்தின் தலையில் சத்துணவுக்கூடத்து முறம் காய்கிறது. சமையல்கார அம்மாவைக் கேட்டேன். "மெம்பரேன் போயிடுச்சாம். புதுக்கோட்டையிலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டு விலை சொல்லிவிட்டுப் போனார். யார் கொடுப்பது என்று தெரியவில்லை" என்று சொல்லிவிட்டுத் தெருக்குழாய்க்குக் குடம் எடுத்துப் போனார். தலைமையாசிரியர் உங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். உங்கள் செயற்குழு அதைப் படித்துவிட்டு, 'பராமரிப்புக்கு நிதி ஒதுக்கீடு இல்லை' என்று குறித்திருக்கிறது. அந்த நடவடிக்கைக் குறிப்பும் என் கடைக்குத்தான் நகல் எடுக்க வந்தது. ஒளிவுமறைவு என்ன இருக்கிறது?

வாங்கப் பணம் இருந்தது. ஓட்டப் பணம் இல்லை. இது உங்கள் குற்றம் மட்டுமல்ல. கொடுப்பவர்கள் எல்லாரும் பெயர் பொறிக்கத் தோதான பொருளாகப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். மெம்பரேனில் யார் பெயரைப் பொறிப்பது?

இதே மண்ணில் இதற்கு வேறொரு வழக்கம் இருந்தது. புதுக்கோட்டை சமஸ்தானம் தன் எல்லைக்குள் கிடைத்த கல்வெட்டுகளைப் படியெடுத்து 1929-இல் தொகுத்து வெளியிட்டது. பிரகதாம்பாள் ஸ்டேட் பிரஸ்ஸில் அச்சானது. தொழில்முறைப் பாசத்தில் அந்தத் தொகுப்பைப் புரட்டிப் பார்ப்பது என் வழக்கம். ஈய எழுத்தில் அத்தனை கிரந்தத்தையும் தமிழையும் கோத்த கைகளை நினைத்தால் இப்போதும் மலைப்பாக இருக்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு செய்தி உண்டு. கோயிலில் ஒரு நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, எரிய வேண்டும். அதற்கு ஒருவர் விளக்கை மட்டும் செய்து வைத்துவிட்டுப் போவதில்லை. கூடவே 96 ஆடுகளையும் கொடுக்கிறார். அவற்றை மன்றாடி, அதாவது ஆடு மேய்ப்பவர், ஒருவர் ஏற்றுக்கொண்டு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டு வைத்த பெயர் 'சாவா மூவாப் பேராடு'. ஆடு சாகாதா, கிழடாகாதா? சாகும், ஆகும். பிறக்கும் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையை 96-ஆகவே வைத்திருப்பது ஏற்றவரின் பொறுப்பு. கணக்கில் ஆடு சாகக் கூடாது, அவ்வளவுதான். எங்கள் பொருளாளர் ஐயா எனக்கு ஆறாம் வகுப்பில் வட்டிக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். அவருக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. முதல் கரையாமல் வரவைக் கொண்டு செலவு செய்வது, வேறொன்றுமில்லை.

அதே கல்வெட்டுகளின் கடைசி வரியை இன்னும் கவனித்துப் படிக்க வேண்டும். 'இந்த அறத்தைக் காத்தவன் திருவடி என் தலைமேல்' என்று கொடுத்தவரே எழுதிவைக்கிறார். கொடுத்தவர் காத்தவரின் காலைத் தலையில் தாங்குகிறார். நம் பள்ளிக்கூடத்துக் கிரானைட்டில் கொடுத்தவர் பெயர் 14 இருக்கிறது. காப்பவர் பெயருக்கு இடமே விடவில்லை.

தலைவர் உரையில், 3-ஆம் பக்கத்தில், 'நாம் இன்று ஒரு சமுதாய அறக்கட்டளையாக வளர்ந்து நிற்கிறோம்' என்று ஒரு வரி வருகிறது. பொருள் தெரியாத சொல்லை அச்சேற்றுவது எனக்கு ஒவ்வாது. தேடிப் படித்தேன். அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் நகரத்தில் ஃபிரெடரிக் காஃப் என்ற வங்கித் தலைவர் 1914 ஜனவரியில் தொடங்கிவைத்த ஏற்பாடு அது. அந்நாளில் செல்வந்தர்கள் உயிலில் ஒரே காரியத்துக்கென்று பணத்தைக் கட்டிப்போட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். பிறகு காலம் மாறும். காரியத்துக்குத் தேவை இருக்காது. பணம் மட்டும் அசையாது. செயின்ட் லூயிஸ் நகரத்தில் முல்லன்ஃபி என்ற ஒருவர், மேற்கே குடியேறப் போகும் வழியில் தவிக்கும் பயணிகளுக்கென்று எழுதிவைத்துவிட்டு 1851-இல் இறந்தார். வண்டி கட்டிப் போன காலம் மலையேறி ரயில் வந்தது. தவிக்கும் பயணிகளைத் தேடிப் பிடிக்க வேண்டிய நிலை ஆனது. இப்படிச் செத்தவர் கை உயிரோடு இருப்பவர்களின் பணத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதை மாற்றத்தான் காஃப் பல பேர் பணத்தையும் ஒரே பொதுநிதியில் சேர்த்து, காலத்துக்கேற்ப ஊருக்கு வேண்டியதைச் செய்ய வழி வகுத்தார்.

அவர் செய்த இரண்டு காரியங்கள் எனக்குப் பிடித்திருந்தன. ஒன்று, பணத்தைக் காப்பவர் வேறு, எதற்குச் செலவு என்று முடிவெடுப்பவர் வேறு. முடிவெடுக்கும் குழுவில் ஐந்து பேர். வங்கி தன் பங்குக்கு இரண்டு பேரைத்தான் போடலாம். மற்ற மூவரை மேயரும் இரண்டு நீதிபதிகளும் நியமித்தார்கள். வங்கிக்காரரே வைத்த விதி இது! இரண்டாவது, கையில் பெரும்பணம் சேரும்முன்பே ஊரின் குறைநிறைகளை ஆராய்ந்தார்கள். 1915-இல் நகரத்துப் பள்ளிக்கூடங்களைப் பற்றித் தொடங்கிய ஆய்வு 25 தொகுதிகளாக வெளிவந்தது. 25 தொகுதி! அச்சகத்துக்காரனுக்கு வாயூறாமல் என்ன செய்யும்?

நம் அறக்கட்டளையில் முடிவெடுக்கும் 11 பேரும் பெருந்தொகை கொடுத்தவர்கள். ஆர்.ஓ. நீரைக் குடிக்க வேண்டியவர் யாரும் அதில் இல்லை. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான், குழுவில் பாதிப்பேர் பெண்கள். அந்தக் குழுவிலிருந்து இருவரை உங்கள் கூட்டத்துக்கு அழைப்பதில் என்ன சிரமம்? குளத்துக்கு, அதன் தண்ணீரில் பயிர் செய்யும் ஆயக்கட்டுக்காரர் ஒருவரை? அழைத்திருந்தால் தூர்வாரும் முன்பே அவர் சொல்லியிருப்பார், "ஐயா, முதலில் வரத்துவாரியைப் பாருங்கள்" என்று. பொக்லைன் வைத்துக் குளத்தை ஆழப்படுத்தினீர்கள், கரையைப் பலப்படுத்தினீர்கள், படித்துறைக்கு வண்ணம் பூசினீர்கள். தண்ணீர் வரும் வாரியில் சீமைக்கருவேலம் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. ஐப்பசி மழை அவ்வளவு பெய்தும் குளத்தில் முழங்கால் அளவுதான். மீதித் தண்ணீர் பக்கத்து ஊர்ப் பள்ளத்துக்குப் போனது. அவர்கள் நமக்கு நன்றி சொல்லி ஒரு பேனர் வைத்திருக்கலாம்.

கூட்டாளி நிறுவனங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தொழிற்சாலை தரும் பணம் பிச்சை அல்ல. நிறுவனச் சட்டம் 2013, பிரிவு 135 சொல்லும் கடமை அது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் சொத்தோ விற்றுமுதலோ லாபமோ உள்ள நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும், தாம் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும். ஆகவே அவர்கள் அதிகாரி வரும்போது நாம் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்கத் தேவையில்லை. ஆனால் அந்தப் பணத்துக்கு ஒரு குணம் உண்டு, அதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். ஆண்டுக் கணக்குக்குள் செலவாக வேண்டும் என்பதால் மார்ச் மாதம் நெருங்க நெருங்க அவர்களுக்குக் கை பரபரக்கும். தொடர் திட்டம் என்று எழுதிக்கொண்டாலும் தொடங்கிய ஆண்டு போக மூன்றாண்டுதான். முக்கியமாக, 2021 ஜனவரி 22 முதல், ஓர் அமைப்பின் மூலநிதியில், அதாவது கரைக்காமல் வைத்து வரவை மட்டும் செலவிடும் முதலில், போடும் பணத்தை இந்தக் கணக்கில் காட்ட முடியாது. அதாவது அவர்கள் விளக்கு வாங்கித் தருவார்கள், சில காலம் நெய்யும் தருவார்கள். ஆடு வாங்கித் தர முடியாது. சட்டமே அப்படி.

அரசுத் திட்டங்களும் ஏறக்குறைய அப்படியே. நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் பங்காக மூன்றில் ஒரு பகுதி கட்டினால் மீதியை அரசு போட்டுக் கட்டடம் எழும்பும். 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' வழியாகவும் பள்ளிகளுக்கு நன்கொடை போகிறது. நல்லது, போகட்டும். ஆனால் ஆடு வாங்க வேண்டியவர்கள் நாம்தான். இந்த ஊர்க்காரர்கள்.

நம்மிடம் ஏது அவ்வளவு பணம் என்று சொல்லாதீர்கள். மொய் நோட்டுக் கட்டுபவனிடமா அந்தக் கதை? வடகாடு, கீரமங்கலம், பேராவூரணி வட்டாரத்தில் ஆடி ஆவணி வந்தால் என் கடையில் உட்கார இடம் இருக்காது. ஒரே பந்தலில் பத்துப் பேர் கூடி மொய் விருந்து வைப்பார்கள். ஆளுக்கொரு மேசை, ஆளுக்கொரு நோட்டு, பணம் எண்ணும் இயந்திரம். எழுதுபவர் தலை நிமிராமல் எழுதுவார். பெயர், தகப்பன் பெயர், ஊர், தொகை. ஐம்பது ரூபாய் வைத்தவருக்கும் ஒரு வரி, ஐம்பதாயிரம் வைத்தவருக்கும் ஒரு வரி. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் தென்னையை எல்லாம் சாய்த்துப் போட்டபோது வீட்டுக்கூரையோடு எத்தனையோ பொருள் போனது. ஈரமான மொய் நோட்டுகளைத் தாள் தாளாகப் பிரித்து உலர்த்தி, மறுபடி தைத்துத் தரச் சொல்லி என்னிடம் கொண்டுவந்தார்கள். ஆறு நோட்டுகள் நான் தைத்தேன். எதுவும் மிஞ்சாத வீட்டிலும் யார் நமக்குச் செய்தார், யாருக்கு நாம் செய்ய வேண்டும் என்ற கணக்கு மிஞ்ச வேண்டும் என்று நினைக்கிற ஊர் இது.

இந்த ஊருக்கு நீங்கள் வெளியிட்ட அறிக்கையின் நன்கொடையாளர் பட்டியல் எப்படி முடிகிறது தெரியுமா? ₹10,000-க்கு மேல் கொடுத்தவர்கள் படத்தோடு. ₹1,000-க்கு மேல் கொடுத்தவர்கள் பெயரோடு. அதற்குக் கீழே: 'மற்றும் பலர்'. படங்களுக்குப் பக்கம் போதவில்லை, பெயர்களைக் குறையுங்கள் என்று சொன்னீர்கள், குறைத்தேன். பூக்கட்டும் பாட்டி ₹200 கொடுத்தார். ரசீது எழுதியபோது நான் பக்கத்தில் இருந்தேன். சுருக்குப்பையிலிருந்து எடுத்து, எச்சில் தொட்டு எண்ணி, இரண்டு முறை எண்ணிக் கொடுத்தார். அறிக்கை வந்ததும் பேத்தியை விட்டுத் தன் பெயரைத் தேடச் சொல்லியிருக்கிறார். பேத்தி என் கடைக்கு வந்து கேட்டாள். 'மற்றும் பலர்' என்ற இடத்தைக் காட்டி இதில்தான் பாட்டி இருக்கிறார் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

தஞ்சைப் பெரியகோயில் சுவரில் இராசராசன் வெட்டச் சொன்ன ஆணையில், தான் கொடுத்தது, அக்கன் கொடுத்தது, பெண்டுகள் கொடுத்தது என்று வரிசையாகச் சொல்லி, 'மற்றும் குடுத்தார் குடுத்தனவும்' கல்லில் வெட்டுக என்கிறான். அந்த மற்றவர்கள் யார் யார், என்ன கொடுத்தார்கள் என்பதும் பெயரும் எடையுமாகக் கோயிலில் வெட்டப்பட்டிருக்கிறது. உளி கொண்டு வெட்ட இடம் இருந்தது. ஆஃப்செட்டில் இடமில்லை என்று சொன்னவன் நான். வெட்கமாக இருக்கிறது.

ஆகவே கேட்பது இதுதான். வரும் ஆவணியில் அறக்கட்டளைக்கு ஒரு மொய் வையுங்கள். ஆட்டுக்கறி வேண்டாம், ஒரு தேநீர் போதும். பெயர், ஊர், தொகை, ஒருவர் விடாமல். வரும் பணம் முழுவதும் மூலநிதிக்கு. மூலநிதிக்கென்று கொடுப்பதைக் கொடுப்பவர் எழுத்தில் சொல்ல வேண்டும். அதற்கான வாசகத்தை ஒவ்வொரு ரசீதிலும் அச்சிட்டு, கையெழுத்துக்கு இடம் விட்டுத் தருகிறேன், ஆடிட்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நம் பையன்கள் இந்தியக் குடிமக்களாக இருக்கும்வரை வங்கி வழியாகத் தாராளமாக அனுப்பலாம். அங்கே குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்புவது வெளிநாட்டுப் பங்களிப்பு, அதற்குத் தனிப் பதிவு வேண்டும். போன ஆண்டு ஒருவர் அனுப்பியதை நீங்கள் திருப்பி அனுப்பியது இதனால்தான், சரியான காரியம். ஆனால் காரணத்தை யாரும் அவர் அம்மாவிடம் சொல்லவில்லை. 'என் மகன் காசு இவர்களுக்குக் கசக்கிறதா' என்று அவர் தெருவெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறார். செயலாளர் ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.

எவ்வளவு வேண்டும்? ஆர்.ஓ. இயந்திரத்துக்கு ஃபில்டர், மெம்பரேன், ஆள் கூலி எல்லாமாக ஆண்டுக்கு ₹12,000 என்று வைத்துக்கொள்வோம். வைப்புநிதியில் 6 விழுக்காடு வட்டி என்றால் 2 லட்சம் முதல் போதும். ஆண்டறிக்கைக்கு நான் போட்ட பில் ₹54,000. நான்கு ஆண்டு அறிக்கையைச் சாதாரணத் தாளில் ஒரு வண்ணத்தில் அடித்திருந்தாலே பள்ளிக்கூடத்து ஆடுகளில் பாதிக்கு மேல் வந்திருக்கும். என் பிழைப்பில் நானே மண் போட்டுக்கொள்கிறேன் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

அடுத்த அறிக்கைக்கு 16 பக்கம் போதும். முந்தைய மூன்றாண்டில் திறந்தவை என்னென்ன, இன்று ஓடுகின்றனவா, ஓடவில்லையென்றால் ஏன் என்று ஒரு பட்டியல் நடுப்பக்கத்தில் வரட்டும். கடைசி நான்கு பக்கம் பெயர்கள். அந்த நான்கு பக்கத்துக்கு அச்சுக்கூலி வாங்க மாட்டேன்.

மொய் நோட்டு தயாராக இருக்கிறது. 200 தாள், காலிகோ முதுகு, சிவப்பு அட்டை. முதல் வரியில் பாட்டியின் ₹200-ஐ எழுதிவிட்டேன், பழைய ரசீது எண்ணோடு. வந்து வாங்கிக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் கடை இருக்காது, அன்றைக்கு அத்தையைக் கண் மருத்துவரிடம் காட்டப் போகிறேன்.

இப்படிக்கு,
பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே உள்ள அச்சகத்துக்காரன்